ஃபிரிட்ஸ் ஐக்கன்பெர்க்கின் கறுப்புக் கட்டை

கறிக்கடையில் இறைச்சி வெட்டும் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். புளிய மரத்தைக் குறுக்கே அறுத்து, வளையங்கள் மேலே தெரியும்படி நிறுத்தியிருப்பார்கள். நாளெல்லாம் கத்தி விழுந்தாலும் அது பிளக்காது. அதே மரத்தை நெடுக்காக அறுத்துப் பலகையாகப் போட்டால் ஒரே வாரத்தில் சிராய் சிராயாகப் பெயர்ந்துவிடும். 1930களின் நியூயார்க்கில் ஃபிரிட்ஸ் ஐக்கன்பெர்க் என்ற ஜெர்மானியக் குடியேறி செய்த அச்சுப் படங்களைப் பற்றிப் பேச, இந்த இடத்திலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

மரத்தில் வெட்டி அச்சிட்ட எல்லாவற்றையும் நாம் ‘மரச்செதுக்கு ஓவியம்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். தொழிலில் அவை இரண்டு. நெடுக்கு வெட்டுப் பலகையில் கத்தியாலும் குழி உளியாலும் வெட்டுவது வுட்கட். மரத்தின் குறுக்கு வெட்டு முகத்தில், செப்புத் தகட்டில் செதுக்குகிற அதே வகைக் கூர் உளியால் கீறுவது வுட் என்கிரேவிங். முதலாவதில் மரத்தின் நார் ஓட்டம் கைக்கு எதிரே நின்று சண்டை போடும். கோடு தடிக்கும், விளிம்பு உடையும், அந்த முரட்டுத்தனமே படத்தின் குரலாகிவிடும். இரண்டாவதில் நார்கள் எல்லாம் செங்குத்தாக நிற்பதால் உளி எந்தத் திசையிலும் ஒரே மாதிரி ஓடும். தலைமுடி கனத்தில்கூடக் கோடு இழுக்கலாம். ஐக்கன்பெர்க்கின் பெயர் நிலைத்தது இரண்டாவதில். பட விவரக் குறிப்புகளிலும் விற்பனைப் பட்டியல்களிலும் அவர் படங்களைச் சகட்டுமேனிக்கு வுட்கட் என்று போடுகிறார்கள். அப்படிப் போடும்போது அவர் கையில் இருந்த கருவியும், அந்தக் கருவியால் அவர் எடுத்த முடிவுகளும் கண்ணில் படாமலே போய்விடுகின்றன. எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது.

அவர் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1901இல் கொலோன் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அங்கேயே ஒரு லித்தோ (கல் அச்சு) அச்சகத்தில் பயிற்சியாளராக வேலை கற்றார். பிறகு லைப்ஸிக் நகரின் நூற்கலைக் கழகத்தில் ஹூகோ ஸ்டைனர்-பிராக்கிடம் படித்தார். லைப்ஸிக் அன்றைக்கு ஜெர்மனியின் புத்தகத் தொழிலுக்குத் தலைநகரம். எழுத்து வார்ப்பு, அச்சு, பைண்டிங், படம் எல்லாம் ஒரே ஊரில் நடந்தன. வார்த்தையே இல்லாத மரச்செதுக்கு நாவல்களால் அமெரிக்காவில் பெயர் பெற்ற லிண்ட் வார்டும் சில ஆண்டுகள் கழித்து இதே பள்ளிக்கு வந்து மரத்தில் செதுக்கக் கற்றுக்கொண்டு போனவர். ஐக்கன்பெர்க் பெர்லினில் உல்ஸ்டைன் பத்திரிகைக் குழுமத்துக்காக ஓவியச் செய்தியாளராக வேலை பார்த்தார்; ஹிட்லரைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அந்த நாட்டில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே பெரும் பொருளாதாரப் பஞ்சம்; உழைக்கும் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை.

ஜெர்மனியிலிருந்து அவர் கூடவே வந்தது ஒரு மரபு. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் மரத்துக்கு மாறினார். 1920இல், கொலையுண்ட சோஷலிசத் தலைவர் கார்ல் லீப்னெக்ட் நினைவாக ஒரு வுட்கட், அடுத்த சில ஆண்டுகளில் போரைப் பற்றி ஏழு வுட்கட்கள், 1925இல் பாட்டாளிகளைப் பற்றி மூன்று. அவை பலகையில் வெட்டியவை. பெரிய கறுப்புப் பரப்புகளும், பிளந்து எடுத்ததுபோன்ற வெள்ளைகளும் கொண்டவை. துக்கத்தை ஒரே அடியில் சொல்லிவிடும். ஐக்கன்பெர்க்குக்கு வேண்டியிருந்தது வேறு. ஒரு ரயில் பெட்டி நிறைய மனிதர்கள், ஒவ்வொருவர் முகமும் தனித்தனி, துணியின் சுருக்கம்வரை தெரிய வேண்டும். அதுவும் ஒரு கையகலக் கட்டைக்குள். அதற்குக் குறுக்கு மரம்தான் தோது.

அந்தக் கட்டை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். முதல்தரமானது பாக்ஸ்வுட். ஆமை வேகத்தில் வளரும் மரம். அதனால்தான் அதன் ரேகைகள் அவ்வளவு நெருக்கம், நிறம் வெண்ணெய் மாதிரி. அடிமரம் பருக்காது. பெரிய படத்துக்கு ஒரே துண்டு கிடைக்காது என்பதால் சின்னச் சின்னத் துண்டுகளைச் சதுரமாக்கி ஒட்டித்தான் கட்டை செய்வார்கள். உயரம் சரியாக 0.918 அங்குலம், அதாவது ஏறக்குறைய 23.3 மில்லிமீட்டர். அது அமெரிக்க, ஆங்கில அச்சகங்களின் ஈய எழுத்துயரம். அந்த அளவு தப்பாமல் இருந்தால் கட்டையை எழுத்துகளோடு சேர்த்து ஃபாரத்தில், அதாவது அச்சுச் சட்டத்தில், பூட்டி ஒரே ஓட்டத்தில் அச்சிடலாம். படத்துக்கென்று தனி மெஷின் வேண்டாம். மேற்பரப்பைச் சீவி, சுரண்டி, கண்ணாடிபோல வழுவழுப்பாக்கித் தருவார்கள். பாக்ஸ்வுட் விலை கட்டுப்படியாகாதவர்கள் மேப்பிளுக்கும் பேரி மரத்துக்கும் போவார்கள். மேப்பிள் கொஞ்சம் மென்மை. மிக நெருக்கமான கோடுகளுக்கு நடுவே நிற்கும் மரவரப்பு நொறுங்கும் அபாயம் அதில் அதிகம்.

கட்டை கைக்கு வந்ததும் முதல் வேலை அதன்மேல் கறுப்பு மையை நீர்த்துப் பூசுவது. ஈரம் ஊறிவிடக் கூடாது, ஒரு மெல்லிய பூச்சு போதும். காய்ந்தபின் அதன்மேல் படத்தை இடவலம் மாற்றிப் பிரதி எடுப்பார்கள். டிரேசிங் தாளில் வரைந்து, தாளைத் திருப்பிப் போட்டு, வெளிர் நிறக் கார்பனை அடியில் வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது. இதற்கப்புறம் உளி படும் இடமெல்லாம் மரத்தின் வெளிர் நிறம் தெரியும். அச்சிலும் அந்த இடம் வெள்ளையாகத்தான் விழும். ஆக, செதுக்குபவர் பார்ப்பதும் அச்சில் வரப்போவதும் ஒன்றே, இடவலம் மட்டும் மாறும். செம்மண் தரையில் வெள்ளை மாவால் கோலம் போடுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வெறும் தரைதான் இருட்டு. கை போடுவதெல்லாம் வெளிச்சம். ஒரு வித்தியாசம், இங்கே மாவை அழித்துவிட்டு மறுபடி போட முடியாது.

இந்த முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்துச் செதுக்குக் கலைஞர் தாமஸ் பியூயிக் நிலைநிறுத்தினார். ஆனால் அவருக்குப் பிறகு வந்த பத்திரிகைத் தொழில் வேறு திசைக்குப் போயிற்று. யாரோ ஓவியர் பேனாவால் வரைந்த கறுப்புக் கோடுகளை அப்படியே விட்டுவிட்டு, சுற்றிலும் இருக்கும் வெள்ளையைத் தோண்டியெடுக்கும் கூலிவேலையாகச் செதுக்கு மாறியது. ஐக்கன்பெர்க் நிற்பது பியூயிக்கின் பக்கம். அவர் படத்தில் வரைந்தவரும் செதுக்கியவரும் ஒருவர்தான்; கட்டை கறுப்பிலிருந்து தொடங்குகிறது.

உளிகளுக்கு வருவோம். நான்கைந்து இருந்தால் ஒரு வாழ்நாள் வேலைக்குப் போதும். குறுக்கு வெட்டில் இலைபோலப் பக்கங்கள் வளைந்து அடியில் கூராக முடிவது ஒன்று. வளைவுக் கோடுகள் இதன் வேலை. பக்கங்கள் நேராக இருக்கும் இன்னொன்று ஒரே கனத்தில் இணைக் கோடுகள் போட. வானம், சுவர், மங்கல் ஒளி எல்லாம் இதன் கையில். அடி உருண்டதும் அடி தட்டையானதுமாக இரண்டு, புள்ளி வைக்கவும் பரப்பைத் துப்புரவாக எடுக்கவும். ஒரே தள்ளலில் பல கோடுகள் போடும் பல்லுளி ஒன்றும் உண்டு. அதை அளவோடு தொடுவதே நல்லது. அதன் கோடுகள் ஒரே சீராக விழுந்து, படத்தில் மெஷின் வாடை அடித்துவிடும்.

பிடி காளான் வடிவத்தில் இருக்கும், அடிப்பக்கம் சீவியிருக்கும். அது உள்ளங்கைக்குள் உட்காரும். கட்டைவிரல் கட்டையின்மேல் ஊன்றி நிற்கும். உளியின் தண்டு அந்த விரலை ஒட்டி உரசிக்கொண்டு முன்னே போகும். விரல்தான் பிரேக். உளியின் முனை விரலுக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் கட்டுப்பாடு போய்விடும். அதனால் ஒவ்வொருவரும் தம் கை அளவுக்குத் தண்டை ஒடித்துக்கொள்வது வழக்கம். கட்டையின் அடியில் மணல் அடைத்த வட்டத் தோல் பை. வளைவு வெட்டும்போது வலது கை அசைவதில்லை. இடது கை பையின்மேல் கட்டையைச் சுழற்றும், உளிக்கு எதிரே மரம் வந்து கொடுக்கும். புதிதாகச் செய்பவர்கள் உளியை வளைக்கப் பார்ப்பார்கள். கோடு கோணலாவதற்கு முதல் காரணம் அதுதான்.

தீட்டுவது தனிக் கலை. உளியின் முகத்தை ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில், எண்ணெய் விட்ட நயமான கல்லில், வட்டமாகத் தேய்க்க வேண்டும். அடிப்பக்கத்தைத் தேய்த்துவிடக் கூடாது. தேய்த்தால் கோட்டின் கனமே மாறிவிடும். கூர் இருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தின்மேல் மெதுவாக வைப்பார்கள். வழுக்கினால் மொட்டை, பிடித்து நின்றால் தயார். மொட்டை உளிக்குக் கை அதிகமாக அழுத்தும். அழுத்தம் கூடினால் வழுக்கும். வழுக்கினால் ஒரு முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு. இந்தத் தொழிலில் நேரும் சேதங்களில் பெரும்பாதி தீட்டாத சோம்பலில் பிறப்பவை.

மற்றச் சேதங்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு பழைய அச்சைக் கையில் வைத்துப் பார்க்கும்போது அவை கண்ணில் படும். வளைவு எடுக்கையில் உளியின் முதுகு ஏற்கெனவே வெட்டிய கோட்டின் கரையை நசுக்கும். வெட்டு இல்லை, வெறும் அமுக்கம். ஆனால் அமுங்கிய மரத்துக்கு மை எட்டாது. அச்சில் அந்தக் கரையோரம் சாம்பலாக மங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரை அங்கே வைத்துக் காத்திருந்தால் நார் உப்பிப் பழைய மட்டத்துக்கு வருவதுண்டு. இந்தச் சேதமே நேராமல் இருக்க, உளிக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றை வைத்து அதன்மேல் உளியைத் தாங்கவிடுவார்கள்.

உண்மையாகவே வழுக்கிவிட்டால் ஒட்டுப் போடலாம். தவறு விழுந்த இடத்தை வட்டமாகத் துளையிட்டு, மெல்லச் சரிந்து கூராகும் பாக்ஸ்வுட் முளையை அடித்து இறக்கி, மேலே நீட்டியதை மட்டமாகச் சீவி, அந்தச் சின்ன வட்டத்தில் மறுபடி செதுக்க வேண்டும். சுற்றியிருக்கும் கோடுகளோடு அது பொருந்துவது அபூர்வம். பலரும் தேர்ந்தெடுப்பது வேறு வழி: தவறிய கோட்டைப் படத்துக்குள் இழுத்துக்கொள்வது. மேல்சட்டையின் மடிப்பாகவோ விளக்கின் கீற்றாகவோ அது மாறிவிடும்.

வானிலையும் எதிரிதான். நீராவிக் குழாயால் சூடேறும் குளிர்கால அறையில் கட்டை ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் கிண்ணம்போல் வளைந்துகொள்ளும். துண்டுகளை ஒட்டிய பசை விட்டால் முடி கனத்தில் ஒரு நேர்கோடு படம் நெடுக வெள்ளையாக ஓடும். கட்டையைப் படுக்கப் போடாமல், இரு பக்கமும் காற்றுப் படும்படி நிமிர்த்தி வைப்பது அதனால்தான். மையைத் துடைக்கத் தண்ணீர் ஆகாது. மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ நனைத்த துணிதான்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு, அவர் 1934இல் செய்த ‘சப்வே’யைப் பாருங்கள். நியூயார்க் சுரங்க ரயில் பெட்டியின் உட்புறம், இரவு நேரம், களைத்துப்போன பயணிகள். பெரியதல்ல, உள்ளங்கையை விரித்து வைத்தால் ஏறக்குறைய மறைத்துவிடலாம். வந்த ஊரைப் புரிந்துகொள்ளச் சுரங்க ரயிலைவிட நல்ல இடம் ஒரு குடியேறிக்குக் கிடைத்திருக்காது என்று தோன்றுகிறது. அன்றைக்கு ஐந்து சென்ட் கொடுத்தால் ஊர் முழுவதும் போகலாம். வேலை உள்ளவரும் இல்லாதவரும், பல நாட்டு முகங்களும் ஒரே பெஞ்சில். தூங்கும் மனிதர்களை நெடுநேரம் உற்றுப் பார்க்கலாம், அவர்களுக்குத் தெரியாது, மொழி தடுக்காது.

ஒரு பூதக்கண்ணாடியோடு போனால் இந்தப் படம் வேறு பேசும். மின்விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெட்டியைப் புகைப்படம் எடுத்தால் விளக்குக்கு நேர் கீழே இருப்பவருக்கு வெளிச்சம், தள்ளி இருப்பவருக்கு இருட்டு, அவ்வளவுதான். செதுக்கில் அப்படி எதுவும் தானாக நடப்பதில்லை. ஒரு முகம் தெரிய வேண்டுமானால் அந்த முகத்துக்கென்று உளியைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கன்னத்தின் மேட்டில் கோடுகள் அகலும், குழியில் மெலிந்து கறுப்புக்குள் கரையும். தோல் என்றால் எலும்பின் வளைவைப் பின்தொடரும் கோடு. கம்பளிக் கோட்டுக்குக் குறுக்கு மறுக்காகச் சிறு கீறல்கள். சுவருக்கும் இரும்புக் கம்பத்துக்கும் நேர் இணைக் கோடுகள். தோலுக்கும் சுவருக்கும் ஒரே கோட்டைப் போட்டுவிட்டால் மனிதர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். கற்றுக்குட்டிச் செதுக்குகள் தட்டையாகத் தெரிவதற்கு இதுவே காரணம். ஐக்கன்பெர்க் கோட்டின் வகையை மாற்றியே ஆளையும் பெட்டியையும் பிரிக்கிறார்.

நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்தக் காலத்துச் சமூக யதார்த்தப் படங்களைப் பற்றிப் பேசும்போது ‘ஏழைகளை வரைந்தார்கள்’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஏழைகளை வரைந்தவர்கள் நிறையப் பேர். இவர் படத்தில் மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் கோடுகள் கிடைக்கின்றன. ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை மணிநேரம் என்ற கணக்கில் ஓடும் வேலையில், மூலையில் இருப்பவரைக் கறுப்பாக விட்டுவிடுவது எத்தனை சுலபம் என்று யோசித்தால் இதன் கனம் தெரியும்.

அச்சிடுவது அடுத்த கட்டம். மை கெட்டியாக இருக்க வேண்டும். இளகிய மை நுண்கோடுகளுக்குள் வழிந்து அடைத்துக்கொள்ளும். கண்ணாடித் தகட்டில் பட்டாணி அளவு மையை வைத்து, ரோலரை ஓட்டி ஓட்டி மெல்லிய படலமாக்குவார்கள். தடித்திருந்தால் ரோலர் சப்பென்று ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்கும். சரியான கனத்தில் அது மெல்லிய சீறலாக மாறும். அனுபவசாலிகள் காதால்தான் மையை அளப்பார்கள். கட்டையின்மேல் ஒரே தடவையில் கனமாகப் போடாமல், நான்கு திசையிலிருந்தும் பலமுறை மெல்லியதாகப் போட வேண்டும்.

மேலே மெல்லிய ஜப்பானியத் தாள். தாளின் முதுகில் ஒரு கரண்டியின் புறத்தால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, சின்ன வட்டங்களாகத் தேய்ப்பது எளிய முறை. தாள் கிழியாமலிருக்க நடுவில் வழுவழுப்பான இன்னொரு தாளை வைத்துக்கொள்ளலாம். ஓரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, மை பற்றாத இடத்தை மறுபடி தேய்க்கலாம். ஒரு பிரதிக்குக் கால் மணியோ அதற்கு மேலோ ஆகும். பெரிய கறுப்புப் பரப்பு உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் பொட்டுகளோடு வந்தால் அழுத்தம் பற்றவில்லை என்று பொருள். கைப்பிரஸ்ஸில் அடிக்கும்போது கறுப்பு வரும் இடங்களுக்கு நேராக மேலே டிஷ்யூ தாளை வெட்டி ஒட்டி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். மென்மையான சாம்பல் இடங்களில் அதைக் குறைப்பார்கள். இந்த ஒட்டு வேலைக்கு மட்டும் அரை நாள் போய்விடும், அதைத் தவிர்க்கவும் முடியாது.

கரண்டி போதும் என்பது பஞ்ச காலத்தில் சின்ன விஷயமல்ல. செப்புத் தகட்டில் செய்தால் பாரமான உருளைப் பிரஸ் வேண்டும், அமிலத் தொட்டி வேண்டும். லித்தோவுக்குக் கல்லும் அதற்கான பிரஸ்ஸும். வாடகை அறையில் சமையல் மேசைமேல் தொடங்கி முடிக்கக்கூடியவை மரமும், அதைப் போலவே வெட்டி அச்சிடும் லினோலியமும்தான். குடிபெயர்ந்து வந்தவர்கள் பலர் மரத்தையும் லினோலியத்தையும் பிடித்துக்கொண்டதற்கு அழகியல் காரணங்களோடு இதுவும் சேர்ந்தே இருந்தது.

அரசும் வேலை கொடுத்தது. 1935இல் ஹோல்கர் காஹில் தலைமையில் தொடங்கிய மத்தியக் கலைத்திட்டம் ஓவியர்களுக்குச் சம்பளம் தந்தது. நியூயார்க்கில் வாரத்துக்கு 23 டாலர் 86 சென்ட். மறு ஆண்டு அங்கே அச்சுக்கலைப் பட்டறை திறந்தது. ஐக்கன்பெர்க்கும் இந்தத் திட்டத்துக்குச் செதுக்கியவர். ஓவியர் மாதிரியைக் காட்டி ஒப்புதல் வாங்கி, கட்டையையோ கல்லையோ முடித்துக் கொடுப்பார். குறைந்த எண்ணிக்கையில் பிரதிகள் அடிப்பார்கள். இரண்டு மூன்று பிரதி ஓவியருக்கு, மற்றவை அரசின் சொத்து. பள்ளிகள், மருத்துவமனைகள், நூலகங்களின் சுவர்களுக்குப் போயின. திட்டம் 1943இல் மூடப்படும் முன் 11,000க்கும் மேற்பட்ட அச்சுப் படங்கள் உருவாகியிருந்தன.

ஆனால் குடியேறிகளுக்கு அந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கவில்லை. 1937இல் குடியுரிமை இல்லாதவர்களை வெளியேற்றும் விதி வந்தது. ஜப்பானில் பிறந்து, பதின்ம வயதிலேயே அமெரிக்கா வந்து, அங்கேயே பெயர் பெற்ற யாசுவோ குனியோஷி அப்படி நீக்கப்பட்டவர்களில் ஒருவர். சட்டம் அன்றைக்கு ஆசியர்களுக்குக் குடியுரிமை பெறும் வழியையே அடைத்து வைத்திருந்தது. பெற முடியாத ஒன்று இல்லை என்று சொல்லி வேலையைப் பறித்தார்கள். அந்தத் திட்டத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் இதையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

அரசுக்கு வெளியேயும் முயற்சிகள் நடந்தன. 1936 டிசம்பரில் ‘அமெரிக்க ஓவியர் மாநாடு’ என்ற அமைப்பு நூறு அச்சுப் படங்களைத் தேர்ந்து, முப்பது நகரங்களில் ஒரே நேரத்தில் காட்சிக்கு வைத்தது. எண்ணெய் ஓவியத்தால் முடியாதது அது. ஒரே கட்டையிலிருந்து முப்பது மூலங்கள். சிகாகோவில் 1937இல் பதினான்கு யூத ஓவியர்கள் ஆளுக்கு ஒரு வுட்கட் என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். அவர்களில் மூத்தவரான டாட்ரஸ் கெல்லர், இன்றைய உக்ரைனில் பிறந்து மான்ட்ரியல் வழியாகச் சிகாகோ வந்தவர். அந்தத் தொகுப்பையும் ‘சப்வே’யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பலகையும் குறுக்கு மரமும் எப்படி இரண்டு குணம் என்பது விளக்கமில்லாமலே தெரியும். சிகாகோ கறுப்புகள் கனத்து, தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. ஐக்கன்பெர்க்கின் கறுப்பு முழுக்கக் கோடுகளால் ஊடுருவியது.

பஞ்ச காலத்தின் மிக ஆழமான படத்தை அவர் செதுக்கியது அது முடிந்து பத்தாண்டு கழித்து. 1949இல் டோரதி டேயைச் சந்தித்தார். 1933 மே தினத்தன்று தொடங்கி, ஒரு பிரதி ஒரு சென்ட் என்று விற்ற ‘கத்தோலிக் வொர்க்கர்’ பத்திரிகையை நடத்தியவர் அவர். நியூயார்க்கில் ரொட்டிக்கும் சூப்புக்கும் நிற்கும் வரிசைகளுக்கு உணவு போட்டவர். எழுத்தைப் படிக்க முடியாதவர்களுக்கும் போய்ச் சேரும் படங்கள் அவருக்கு வேண்டியிருந்தன. ஐக்கன்பெர்க் கூலி வாங்காமல் கொடுத்தார்.

இங்கே தொழில்முறைக் கணக்கு ஒன்று இருக்கிறது. மட்டமான நியூஸ்பிரின்ட் தாளில் புகைப்படம் அச்சிட, சாம்பல் நிறங்களைப் புள்ளிகளாக உடைத்துக் காட்டும் ஹாஃப்டோன் பிளாக் வேண்டும். அந்தத் தாளுக்குப் புள்ளிகள் பெரிதாக இருந்தாக வேண்டும், முகங்கள் குழம்பிவிடும். மரச்செதுக்கில் சாம்பல் நிறமே கிடையாது, கறுப்பும் வெள்ளையும்தான். நல்ல சோதனை அச்சு (புரூஃப்) ஒன்றிலிருந்து, கறுப்பு வெள்ளைக் கோடுகளை மட்டும் அப்படியே பிரதியெடுக்கும் லைன் பிளாக் எடுத்தால் போதும். மலிவு, மோசமான தாளிலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் மிக நெருங்கிய கோடுகள் அந்தத் தாளில் மை இழுகி ஒன்றாகிவிடும். இந்தப் பத்திரிகைக்கு அவர் செய்தவற்றில் கோடுகள் இடைவெளி விட்டு நிற்பதும், உருவங்கள் தெளிவாக வெட்டி நிற்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ரொட்டி வரிசையில் நிற்கும் கிறிஸ்துவின் படம் 1950களின் தொடக்கத்தில் வந்தது. பக்கவாட்டில் ஒரு வரிசை. கூனிய தோள்கள், கந்தல் கோட்டுகள், குளிரில் உள்ளுக்குள் இழுத்துக்கொண்ட கைகள். நடுவில், அவர்களில் ஒருவராக, முறை வருவதற்குக் காத்துக்கொண்டு கிறிஸ்து. அவருக்குப் பின்னால் ஒளி. வெளிச்சம் முழுவதும் பின்னணியில் வெட்டியது. கதிர்கள் ஒவ்வொன்றும் உளியின் ஒரு தள்ளல், உருவத்தின் விளிம்பிலிருந்து தொடங்கி வெளிநோக்கி மெலிந்து போகிறது. விளிம்பில் ஒரு தடவை வழுக்கியிருந்தாலும் அந்தத் தலை கெட்டிருக்கும், ஏனென்றால் தலைக்குள் மறைத்துக்கொள்ளக் கோடுகளே இல்லை. சுற்றி நிற்பவர்களின் முகங்களுக்கும் துணிகளுக்கும் கீறல்கள் உண்டு. கிறிஸ்துவின் உருவம் பெரும்பாலும் கறுப்பாகவே நிற்கிறது. கட்டை பாலிஷ் ஆகி வந்தபோது இருந்த அதே மேற்பரப்பு, உளி படாமல் விட்ட மரம், ரோலரிலிருந்து மையை முழுதாக வாங்கிக்கொண்ட இடம் அது.